மீட்புக்கு முன் ஒரு பிரதி

கைபேசியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புதிய கைபேசியைப் பற்றியே எழுதுகிறார்கள். சப்ரகமுவத் தோட்டங்களில் நான் அதிகம் காண்பது பழையவற்றையே. கொழும்பில் ஒருவர் பாவித்துச் சலித்த கருவி, அங்கே கடையிலோ வீட்டிலோ வேலைக்குப் போன பிள்ளையின் கையால் எட்டியாந்தோட்டைக்கும் காவத்தைக்கும் வந்து சேர்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலைவரிசை தேடி மேட்டுக்கு ஏறிய தோட்டப் பிள்ளைகளில் பலர் கையில் இருந்தவை இத்தகையவைதாம். 2022இல் ரூபாய் சரிந்து, டொலர் ஒன்று சில மாதங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360ஐ அண்மித்தபின், புதிய கைபேசி என்பது பல லயன் வீடுகளுக்கு எட்டாக்கனியாயிற்று. பழையதைத் திருத்தி ஓட்டுவதே வழி.

அவ்வாறு திருத்துகிற இளைஞர் ஒருவர் கேகாலை மாவட்டத் தோட்டமொன்றில் இருக்கிறார். தாயார் இறப்பர் பால் வெட்டியவர், இப்போது இல்லை. அந்தத் தாயார் பாவித்த கைபேசியை முன்பே யாரோ ‘ரூட்’ செய்திருந்தார்கள். அது இப்போது ஊர்ந்து ஊர்ந்து இயங்குகிறது. தங்கையின் படிப்புக்காக அதில் புதிய இயங்குதளம் ஏற்ற வேண்டும். “சேர், எந்த ரிக்கவரி போட்டால் நல்லது?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, சற்றுத் தயங்கி, “அம்மாவின் குரல் இதில்தான் இருக்கிறது” என்றார்.

கேள்வி தொழில்நுட்பம் சார்ந்ததுதான். ஆனால் அதன் எடை அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருந்தது. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் முதன்மை இயங்குதளத்தைச் சாராத ஒரு சிறு நிரல் உண்டு. மின்விசையையும் ஒலி விசையையும் சேர்த்து அழுத்தினால் பல கருவிகளில் அது விழித்துக்கொள்ளும். அதுவே ரிக்கவரி. தயாரிப்பாளர் தருவது, தயாரிப்பாளரின் மின்கையொப்பம் உள்ள பொதிகளை மட்டுமே ஏற்கும். மிஞ்சினால் எல்லாவற்றையும் அழித்துத் தரும். தன்னார்வலர்கள் எழுதிய மாற்று ரிக்கவரிகள் வேறு இயங்குதளங்களையும் ஏற்றும். முழுக் கருவியையும் நகலெடுக்கும். அந்த நகலை ‘நான்ட்ராய்ட்’ என்பார்கள்.

தொடக்க காலத்தில் கௌஷிக் தத்தா எழுதிய கிளாக்வொர்க்மாட் பெயர்பெற்றிருந்தது. ஒலி விசையால் மேலும் கீழும் நகர்ந்து தேர்வு செய்யும் காலம் அது. 2011இல் டீம்வின் குழுவினரின் டிடபிள்யூஆர்பி வந்தது. விரலால் தொட்டு இயக்கலாம், எந்தப் பிரிவை நகலெடுப்பது என்று தெரிவு செய்யலாம் என்ற வசதிகளால் அது நிலைத்தது. கிளாக்வொர்க்மாட்டின் வளர்ச்சியோ நின்றுபோயிற்று. டிடபிள்யூஆர்பியை அடியாகக் கொண்டது ஆரஞ்ச்ஃபாக்ஸ். 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் மூடப்பட்டபின் அதன் வழிவந்த லினியேஜ்ஓஎஸ்ஸுக்கும் சொந்த ரிக்கவரி உண்டு. அது எளிமையானது, இயங்குதளம் ஏற்றுவதற்குப் போதும். முழு நகல் எடுக்கும் வசதி அதில் இல்லை.

பெயரைப் பார்த்துத் தேர்வு செய்வதைவிட மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. முதலாவது: அந்த ரிக்கவரி இந்தக் கருவிக்கென்றே ஆக்கப்பட்டதா? ஒரே விற்பனைப் பெயரில் வெவ்வேறு உள் வன்பொருளோடு கைபேசிகள் உண்டு. உட்பெயரைப் பார்க்க வேண்டும். இரண்டாவது: மறையாக்கம் செய்யப்பட்ட தரவை அது திறக்குமா? ஆண்ட்ராய்டு 10உடன் வெளிவந்த கருவிகள் முதற்கொண்டு கோப்புகளின் மறையாக்கம் கட்டாயம். கடவெண்ணைக் கொடுத்தும் ரிக்கவரியால் திறக்க முடியாவிட்டால், கோப்புப் பெயர்கள் பொருளற்ற எழுத்துக்கோவையாகத் தெரியும். அங்கிருந்து எதையும் மீட்க இயலாது. மூன்றாவது: அது எதை நகலெடுக்காமல் விடுகிறது?

இந்த மூன்றாவதைத்தான் பலர் கேட்பதில்லை. டிடபிள்யூஆர்பியில் ‘டேட்டா’ என்று குறியிட்டு நகலெடுத்தால் செயலிகளும் அவற்றின் அமைப்புகளும் சேரும். புகைப்படங்களும் வாட்ஸ்அப் குரற்பதிவுகளும் இருக்கும் உட்சேமிப்பகம் அதில் சேராது. ‘நகல் முடிந்தது’ என்று திரை சொல்லும். அதை நம்பி ‘ஃபார்மட் டேட்டா’வை அழுத்தினால் உட்சேமிப்பகமும் சேர்ந்து அழிந்துவிடும். பிறகு நகலை மீட்டெடுத்தால் செயலி திரும்பி வரும், குரல் வராது.

எனவே அவரிடம் சொன்ன ஒழுங்கு இது. கைபேசி இயங்கிக்கொண்டிருக்கும்போதே படங்களையும் குரல்களையும் கணினிக்கு மாற்றுங்கள். மெமரி கார்ட் ஒன்றிலும் போடுங்கள். இரண்டு இடத்திலும் திறந்து, ஒலிக்கிறதா என்று காதால் கேளுங்கள். பிறகு, கருவி அனுமதித்தால், ரிக்கவரியை நிரந்தரமாகப் பதிக்காமல் ‘ஃபாஸ்ட்பூட்’ கட்டளையால் ஒருமுறை மட்டும் இயக்கிப் பாருங்கள். தொடுதிரையும் சேமிப்பகமும் சரியாக வேலை செய்தால் பதிக்கலாம். ஐஎம்இஐ எண் சார்ந்த தரவுள்ள பிரிவையும், கருவியில் ஈஎஃப்எஸ் என்று காட்டினால், நகலெடுத்துக் கைபேசிக்கு வெளியே வையுங்கள். அது கெட்டால் சிம் இருந்தும் தொடர்பு கிடைக்காது. இவையனைத்துக்கும் பிறகே அழிப்பு.

ஒரு செய்தியையும் சேர்த்துச் சொன்னேன். அவருடைய கருவியின் பூட்லோடர் ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தது. பூட்டியிருக்கும் கருவியில், திறக்கும் செயலே பொதுவாக எல்லாத் தரவையும் அழித்துவிடும். ரிக்கவரி போட்டுவிட்டு நகலெடுப்போம் என்று நினைப்பவர்களுக்கு அப்போது நகலெடுக்க ஒன்றும் மிஞ்சாது.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு இது புதிய பாடமன்று. படச்சுருள் ஒன்று கெட்டால் அந்த நிகழ்ச்சிக்கு வேறு சாட்சி இராது. இந்த மாவட்டங்களில் அந்த அச்சம் இன்னும் கூடுதலானது. 1977இலும் 1983இலும் வன்முறைக்கு அஞ்சித் தோட்டங்களை விட்டு ஓடிய குடும்பங்கள் அடையாள ஆவணங்களையும் படங்களையும் விட்டுவிட்டே ஓடின. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்தது. 2017 மே வெள்ளம் இரத்தினபுரியை மூழ்கடித்தது. மூன்று தலைமுறைப் படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் இங்கு உண்டு. அங்கே ஒரு தாயின் குரல் சில நிமிடங்களேனும் இருக்கிறதென்றால், அதை ஒரே கருவிக்குள் விட்டுவைப்பதே ஆபத்து. ரிக்கவரி எதுவாயினும் அந்த ஆபத்தை நீக்காது.

அவர் டிடபிள்யூஆர்பியைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய கருவிக்கு அதுவே பொருத்தமாக இருந்தது. அதைப் பதிப்பதற்கு இரண்டு நாள் முன்பே குரற்பதிவுகளின் ஒரு பிரதி கொழும்பில் வேலை செய்யும் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பழைய கைபேசியோடு போராடும் நண்பர்களும் அந்த ஒழுங்கில் செய்யுங்கள்: முதலில் பிரதி, பிறகு சோதனை, அதன்பின் ரிக்கவரி.