வலது பக்க ஆசனம்

என் தங்கை பிள்ளை விமானப் படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவன். 'சீட்டா' என்ற சின்ன ஹெலிகாப்டரில் சியாச்சின் பனிமலைக்கு மண்ணெண்ணெயும் மருந்தும் கொண்டு போவான்; சுகமில்லாத ஜவான்களை ஏற்றி வருவான். சுமார் 20,000 அடி உயரம்! அப்பேர்ப்பட்டவனுக்கு ஏர்லைன்ஸ் வேலை வீடு தேடி வராதா என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

வரவில்லை. ஹெலிகாப்டருக்கு ஒரு லைசென்ஸ், விமானத்துக்கு வேறு லைசென்ஸாம். அவன் 2009ல் சேர்ந்தது ஷார்ட் சர்வீஸ் கமிஷன். 14 வருஷம் முடிந்து 2023ல் வெளியே வந்தபோது வயது 37. பென்ஷன் கிடையாது. கைக்கு வந்த பணத்தில் வீடு வாங்கச் சொன்னாள் என் தங்கை. மருமகள்தான், "பாதியை பாங்கில் போடுங்கள், பாதியில் படியுங்கள். ஆனால் பீஸ் கட்டுமுன் டாக்டரிடம் காட்டுங்கள்" என்றாள். கெட்டிக்காரி! கண், காது, இதயம் எல்லாம் பார்க்கும் அந்த முதல் வகுப்பு மருத்துவச் சோதனையில் தேறாவிட்டால் கட்டிய பணம் போனதுதானே?

அப்புறம் பரீட்சைகள். திசையறிதல், வானிலை, விமானச் சட்டம்... ஐந்தாவது படிக்கும் மகளும் அப்பாவும் ஒரே மேஜையில் படித்தார்கள். பிறகு சின்ன விமானத்தில் பயிற்சி, இரட்டை எஞ்சின் விமானம், கடைசியில் ஏர்பஸ் 320க்கு சிமுலேட்டர். இதற்கு மட்டும் பல லட்சம்.

படிப்பைவிடப் பழக்கத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு என்பான். ஹெலிகாப்டரை வேகம் குறைத்துக் குறைத்து அந்தரத்திலேயே நிறுத்தலாம். விமானத்தில் அது நடக்காது. வேகம் போனால் இறக்கை தாங்காது. ஏர்பஸ் தரையைத் தொடும்போதே மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகம்! 14 வருஷம் பழகிய கை சும்மா இருக்குமா?

இன்னொன்றும் சொன்னான். சீட்டாவில் வலது பக்க ஆசனம் தலைமை விமானிக்கு. ஏர்லைன்ஸில் அதே வலது பக்கம் துணை விமானிக்கு! இடது பக்கம் உட்காரும் காப்டன் இவனைவிட எட்டு வயது சின்னவர். "விங் கமாண்டராக இருந்தவன், சின்னப் பையனுக்குக் கீழே..." என்று தங்கை குமைகிறாள். எனக்கென்னவோ அதில் குறை தெரியவில்லை. 65 வயது வரை ஓட்டலாம், காப்டன் ஆகாமலா போவான்? அவன் சங்கடப்பட்டதாகவும் தெரியவில்லை. பணத்தை எண்ணித்தான் ராத்திரி தூங்காமல் இருந்தான்.

டியூட்டி அட்டவணை வந்ததும் மருமகள் காலண்டரில் குறித்துக்கொள்கிறாள். இந்தத் தீபாவளிக்கு அவன் கல்கத்தாவில். கங்கா ஸ்நானம் மறுநாள்தான் என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டாளாம்.