மருந்தின் அளவு

1968 என்று நினைக்கிறேன். சேலையூர் ஏரிக்கரையில் ஒரு நரிக்குறவர் துப்பாக்கி கெட்டித்துக்கொண்டிருந்தார். குழலுக்குள் கரிமருந்து, மேலே தேங்காய் நார், பிறகு ஈய ரவை, மறுபடி நார். ஒவ்வொன்றுக்கும் கம்பியால் இரண்டு மூன்று இடி. தராசு கிடையாது, உள்ளங்கைக் குழிதான் அளவு. ஏரி நடுவில் ஒரு நாரை. இன்னும் கொஞ்சம் மருந்து போட்டால் எட்டாதா என்று கேட்டேன். "மருந்து கூடினா குழல்தான் வெடிக்கும் சாமி. நாமதான் கிட்டப் போகணும்." இடுப்பளவுத் தண்ணீரில் கோரைக்குள் இறங்கிப் போனார்.

பின்னால் கென்னத் ஆண்டர்சனைப் படித்து, அவருடைய .405 வின்செஸ்டர் மேல் எனக்கு மோகம் பிடித்தது. 1904இல் வந்த தோட்டா. குண்டு 300 கிரெயின், ஏறக்குறைய 19 கிராம். (கிரெயின் என்பது தானிய மணி, நம் தட்டான் குன்றிமணி வைத்து நிறுத்த மாதிரி.) கனத்த, மழுங்கல் மூக்குக் குண்டு, காற்றில் சீக்கிரம் வேகமிழந்து தாழ்ந்துவிடும். ஆண்டர்சன் அதைக்கொண்டு சுட்டதெல்லாம் பெரும்பாலும் கிட்டத்தில்தான். அமெரிக்காவில் இன்றும் அதற்கு வீட்டிலேயே மருந்து நிறுத்துப் போட்டுத் தூரத்தைக் கூட்டப் பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களைச் சொல்ல எனக்கு வாயில்லை. கரையில் நனையாமல் நின்றுகொண்டு மருந்தைக் கூட்டச் சொன்னவன் நான்.

1972 சட்டத்துக்குப் பிறகு அந்த நாரை குற்றம். அன்றைக்கு அது எங்கள் வீட்டுக் குழம்பு. அப்பா பேரம் பேசி வாங்கினார். சாப்பிடும்போது ஒரு ரவை என் பல்லில் கடிபட்டது. துப்பாமல் எடுத்து, ஜியாமெட்ரி பெட்டியில் வெகுநாள் வைத்திருந்தேன்.