பதினைந்து சென்ட் ரஷ்யா

சுசீந்திரம் குளக்கரைக்கு மார்கழி, தை மாதங்களில் தூரதேச விருந்தாளிகள் வருவார்கள். பொரி உள்ளான் போன்ற பறவைகள் ரஷ்யாவின் வடபகுதிச் சதுப்புகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி நம் நாட்டுக் குளங்களுக்கும் வயல்களுக்கும் வந்து இரை தேடுகின்றன. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததற்கு இப்படி வலசை வரும் பறவைகளும் ஒரு காரணம்.

ரஷ்ய மனிதர்களும் நமக்குத் தூரமில்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு 1988-ல் ஒப்பந்தம் போட்டு, 2002-ல் கட்டுமானம் தொடங்கியது. அதிலிருந்து ரஷ்யப் பொறியாளர்கள் அந்தப் பக்கம் தங்கி வேலை பார்க்கிறார்கள். கன்னியாகுமரிக்கும் தாணுமாலயன் கோவிலுக்கும் வரும் வெளிநாட்டவரில் அவர்களும் உண்டு. அவர்கள் முகத்தில் சட்டென்று சிரிப்பு வராது. அதைக் கர்வம் என்று நினைத்துவிடக் கூடாது. பழக்கமில்லாதவரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரிப்பது அவர்கள் ஊரில் போலித்தனம். வீட்டுக்கு அழைத்துவிட்டால் மேசை கொள்ளாமல் பரிமாறுவார்கள்.

கோவில் வாசலில் நாம் பூவை முழம் போட்டு வாங்குகிறோம். ரஷ்யர்கள் எண்ணி வாங்குவார்கள். பிறந்தநாளுக்குப் பூ கொடுத்தால் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. மொய்க்கு நூற்றொன்று எழுதும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

வாசற்படியின் இருபுறமும் நின்று கை குலுக்க மாட்டார்கள். ஒன்று உள்ளே வர வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும். படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்று நம் ஆச்சிமார் சொன்னதேதான். நீண்ட பயணம் கிளம்பும் முன் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு எழுவார்கள். மறந்த பொருளை எடுக்கத் திரும்பி வந்தால் நாம் தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம். அவர்கள் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுப் போவார்கள்.

சாப்பாட்டிலும் உறவு தெரிகிறது. மதிப்புள்ள விருந்தாளியை ரொட்டியும் உப்பும் நீட்டி வரவேற்பது பழைய வழக்கம். ரை என்ற தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டியைக் காயவைத்து, நீரில் ஊறப்போட்டுப் புளிக்கவிட்டால் 'குவாஸ்'. கோடையில் அதில் வெள்ளரியும் முள்ளங்கியும் முட்டையும் நறுக்கிப் போட்டுக் குளிரக் குளிரக் குடிப்பார்கள். நம் பழஞ்சிக்குத் தம்பி என்று சொல்லலாம். நாம் பரணியில் மாங்காயை உப்பிலிடுவது போல அவர்கள் வெள்ளரியையும் முட்டைக்கோஸையும் உப்பிலிட்டு ஆறு மாதக் குளிரை ஓட்டுகிறார்கள்.

விவசாயிகளாகிய நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 'டாச்சா'. நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன வீடு, சுற்றிலும் தோட்டம். தொழிலாளர்கள் காய்கறி போட்டுக்கொள்ள நிலம் ஒதுக்கச் சொல்லி 1949-ல் சோவியத் அரசு ஆணையிட்டது. 'ஆறு சோத்கா' என்பது அங்கே வழக்கமான அளவு. ஒரு சோத்கா 100 சதுர மீட்டர். ஆக 600 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட்.

நமக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ. மாஸ்கோ பக்கம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் தோட்டம். அதனால் வெளியே பனி கிடக்கும்போதே, பிப்ரவரி, மார்ச்சில், அடுக்குமாடி வீட்டு ஜன்னல் ஓரத்தில் காலிப் பால் டப்பாக்களில் தக்காளி, மிளகாய் நாற்று விடுகிறார்கள். வளர்பிறை, தேய்பிறை பார்த்து விதைக்கத் தனிக் காலண்டரே விற்கிறது. மே மாத விடுமுறையில் ஆசிரியர், டாக்டர், இன்ஜினீயர் என்று வித்தியாசமில்லாமல் மண்வெட்டி எடுத்து உருளைக்கிழங்கு நடுவார்கள்.

இது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. 1991-ல் சோவியத் நாடு உடைந்தது. விலைவாசி ஏறியது, சேமிப்பு கரைந்தது, பலருக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. அந்த வருடங்களில் எத்தனையோ குடும்பங்களை டாச்சாவும் கொல்லைப்புறமும்தான் காப்பாற்றின. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் விளைந்த உருளைக்கிழங்கில் பத்துக்கு ஒன்பது பங்கு இப்படிப்பட்ட வீட்டுத் தோட்டங்களில் விளைந்தது. இன்று அங்கேயும் இளையவர்கள் பலர் புல்தரை போட்டு இறைச்சி சுடுவதற்குத்தான் டாச்சாவுக்குப் போகிறார்கள். ஆனாலும் பெரியவர்கள் மண்ணை விடவில்லை.

நாஞ்சில் நாட்டில் நாம் என்ன செய்கிறோம்? வயலை நிரப்பி மனை போடுகிறோம். பத்து சென்ட் வாங்கி வீடு கட்டி, மிச்ச முற்றத்தில் சிமென்ட் கல் பதித்துவிட்டு, கறிவேப்பிலைக்கு வடசேரி சந்தைக்குப் போகிறோம். பன்னிரண்டு மாதமும் விளையும் பூமி இது. மரச்சீனி, சேனை, காய்ச்சில், மட்டி வாழை, முருங்கை, பப்பாளி எல்லாம் அதிகப் பாடில்லாமல் வரும். மழைத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகும்.

முற்றத்தில் கல் பதிக்க ஆள் பேசியிருப்பவர்கள் இரண்டு சென்ட் மண்ணையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். வருமானம் நின்றுபோகிற மாதத்தில் அடுப்புக்குக் காயும் கிழங்கும் அங்கிருந்து வரும்.