தாழ்ந்த வாசல்

நாற்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கு வரும் முதல் ஞானம், பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தால் மூச்சு முட்டுகிறதே என்பதுதான். எனக்கு அந்த ஞானம் டெஹ்ரானில் உதயமாயிற்று.

மனைவிக்கு அங்கே ஓராண்டு உத்தியோகம். நானும் கூடப் போயிருந்தேன். அவள் காரியாலயத்துக்குக் கிளம்பிய பிறகு, நாவல் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு சுடச்சுட ரொட்டி தின்பதும், எல்பர்ஸ் மலையின் பனியை ஜன்னல் வழியே பார்ப்பதும் என் தொழில். நாவல் வளரவில்லை, வயிறு வளர்ந்தது.

"திரும்பிப் போகும்போது உங்களுக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கணும்போல இருக்கே!" என்றாள் மனைவி.

கீழ் வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விஷயம் எப்படியோ விளங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் காலை என்னைப் பஜார்ப் பக்கம் இருந்த 'ஜூர்கானே'வுக்கு அழைத்துச் சென்றார். பலத்தின் வீடு என்று அதற்கு அர்த்தம். ஈரானியரின் பழைய தேகப் பயிற்சிக்கூடம் அது. அந்தக் கலையை 2010-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

வாசலிலேயே நெற்றியில் இடித்துக்கொண்டேன். அவ்வளவு தாழ்ந்த நிலை. எப்பேர்ப்பட்ட பலசாலியும் தலை குனிந்துதான் உள்ளே வரவேண்டும் என்று அப்படிக் கட்டுவது வழக்கமாம்.

உள்ளே இடுப்பளவு ஆழத்தில் எட்டு மூலைப் பள்ளம். அதைச் சுற்றி நின்று பார்க்க இடம். ஓரத்தில் உயர்ந்த மேடை. அதில் 'முர்ஷித்' உட்கார்ந்து, மண்ணால் செய்து தோல் போர்த்திய முரசைக் கொட்டிக்கொண்டு பாடுகிறார். சுமார் 1010-இல் பிர்தௌசி எழுதி முடித்த ஷாநாமாவிலிருந்து பாட்டுக்கள், ஹாபிஸின் பாட்டுக்கள். நம் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் விசில் ஊதுவார். இவர்கள் கவிதைக்குத் தண்டால் எடுக்கிறார்கள்!

எனக்குக் கட்டம் போட்ட சிவப்புத் துணி ஒன்று கொடுத்தார்கள். பெயர் 'லுங்' என்றார்கள். நம் லுங்கிக்குப் பாட்டனார் அவர்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியம் சுவரோரம் பார்த்ததும் போய்விட்டது.

அங்கே வரிசையாக மரக்கட்டைகள் நின்றன. அடி பருத்து, கைப்பிடி மெலிந்தவை. அவர்கள் 'மீல்' என்கிறார்கள். எனக்கு அது கர்லாக்கட்டை.

எங்கள் தாத்தாவிடம் ஒரு ஜோடி இருந்தது. கருவேல மரத்தில் கடைந்தது. விடியற்காலையில் கொல்லையில் நின்று சுற்றுவார். காற்றை அறுக்கும் அந்த 'ஹூம்' சத்தத்தில்தான் நான் விழித்துக்கொள்வேன். காலேஜில் சேர்ந்த வருஷம், சிநேகிதர்கள் ஊருக்கு வந்தபோது எனக்கு அது அவமானமாகிவிட்டது. "என்னடா, உங்க தாத்தா பயில்வானா?" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதோடு விட்டேனா? மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருந்த ஒரு நாள், கட்டையில் ஒன்றை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன்.

தாத்தா வந்து அடுப்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வெந்நீர் காஞ்சுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷந்தான் இருந்தார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நான் பள்ளத்தில் நிற்கிறேன். எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர் என் கையில் ஒரு ஜோடியைத் தந்தார். சிறுவர்கள் பழகுகிற ஜோடி. தோளுக்கு மேலே நிமிர்த்திப் பிடித்து, ஒரு கையை முதுகுப்புறம் இறக்கி ஏற்ற வேண்டும். பிறகு மறு கையை. முரசுக்குச் சரியாகக் கட்டை வரவேண்டும். என் கட்டை நாலாவது சுற்றில் என் தோளிலேயே வந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஒரே ஆச்சரியம். நானாக இருந்தால் சிரித்திருப்பேன், சிரித்துமிருக்கிறேன்.

அப்புறம் அந்தப் பெரியவர் தம்முடைய கட்டைகளை எடுத்தார். எடுக்குமுன் சுற்றிலும் பார்த்து, "ருக்ஸத்" என்றார். அனுமதி கேட்கிற வார்த்தை அது. அந்தப் பள்ளத்தில் அவரைவிடப் பலசாலி இல்லை. அவர் கேட்டது எங்களை. அரும்பு மீசைப் பையன்களை, தோளைத் தடவிக்கொண்டு நின்ற என்னை. பிறகு சுற்ற ஆரம்பித்தார்.

ஹூம்... ஹூம்...

வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது என்று பக்கத்திலிருந்தவரிடம் ஜாடை காட்டினேன். அவர் நம்பினார்.

குளிர்காலம் முழுவதும் போனேன். வயிறு ஏதோ கொஞ்சம் குறைந்தது, பெருமைப்பட்டுக்கொள்ளும்படி இல்லை. ஊருக்குத் திரும்பியதும் அண்ணாவிடம் மற்றக் கட்டையைப் பற்றிக் கேட்டேன். "அதுவா? மாட்டுத் தொழுவக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்குடா" என்றார்.

இப்போது அது என் அறையில் இருக்கிறது. ஒற்றைக் கட்டையாதலால் கையை மாற்றி மாற்றிச் சுற்றுகிறேன். எடுப்பதற்கு முன்னால் சுவரிலுள்ள படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். தாத்தா பதில் சொல்வதில்லை. அன்றைக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லைதான்.