வாய் திறந்தால்தான் வழி

பொட்டிபுரம் பக்கத்து ஊர்களில் விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் உண்டு. இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் மருந்தடித்து வந்தவருக்குச் சாயங்காலம் தலை சுற்றும், எச்சில் ஊறும், வாந்தி வரும். "வளைவுல வந்த பித்தம், படுத்தாச் சரியாப் போகும்" என்பார்கள் வீட்டில். "வெளிய சொல்லாதப்பா, நாளைக்கு வேலை வேணும்ல" என்பார் கங்காணி.

படுத்தவர் எல்லாரும் எழுவதில்லை. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மருந்து விஷமேறியதை அதிகாரிக்குத் தெரிவிக்கும்படி மாநில அரசு உத்தரவிடலாம் என்கிறது 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. ஆபத்தான மருந்தின் விற்பனையைச் சில நாள் நிறுத்திவைத்து விசாரிக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. பித்தம் என்று படுத்துவிட்டால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. நாளை அதே மருந்தை இன்னொருவர் முதுகில் சுமப்பார்.

உடுப்பை மாற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, மருந்து டப்பாவின் லேபிளோடு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். "தோட்டத்தில் மருந்தடித்தேன்" என்று சொல்லி, அதைச் சீட்டிலும் எழுதி வாங்க வேண்டும். முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து, நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் 2 ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். தோட்டம் கேரளத்தில் இருந்தாலும், தொழிலாளி குடியிருக்கும் பகுதியின் அதிகாரியிடமே கொடுக்கலாம். மலையேறித் திரும்ப அலைய வேண்டியதில்லை.

ஒரு நாள் கூலிக்குப் பயந்து மறைத்தால், வீட்டுக்கு ஆள் இல்லாமல் போகலாம்.