மாஸியா, மகிந்திராவா?

மற்ற வீடுகளில் ரஜினியா கமலா என்று சண்டை வரும். எங்கள் வீட்டில் மாஸியா மகிந்திராவா என்றுதான் வரும். டிராக்டரைத்தான் சொல்கிறேன். ஹாஸ்டலில் சொன்னால் சிரிக்கிறார்கள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நீங்களும் சிரிக்கலாம், எனக்குக் கேட்காது.

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். தாத்தா 1984-ல் வாங்கிய மாஸி பெர்குசன் 1035 இன்னும் கொட்டகையில் நிற்கிறது. அம்மாவின் அண்ணன், அதாவது என் பெரிய மாமா, மகிந்திரா பி-275 கட்சி. அது அவர் அப்பா வாங்கிய வண்டி. அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த இரண்டு வண்டிகளும் சம்பந்திகள். சம்பந்தி என்று ஆனபிறகு சண்டை இல்லாமலா?

வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே சிவப்பு. பட்டணத்துக்காரர்களுக்கு வித்தியாசமே தெரியாது. எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். 1035-க்கு மூன்று சிலிண்டர், கொஞ்சம் நொண்டுகிற மாதிரி ஒரு தாளம் போடும். பி-275-க்கு நான்கு சிலிண்டர், சீராக உறுமும். (நொண்டுகிறது என்று எழுதியது தாத்தாவுக்குத் தெரிய வேண்டாம்.) மாமாவின் அடுத்த வாதம் கியர். "எங்களுக்கு முன்னாடி எட்டு, உங்களுக்கு ஆறு. சேடை ஓட்டறப்ப தெரியும் அருமை" என்பார்.

தாத்தா பதில் சொல்லாமல் லிப்டைப் பிடித்துக்கொள்வார். "தம்பி, உன் வண்டிக்குப் பின்னாடி மூணு கை இருக்கே, அதுவே எங்க ஆளு கண்டுபிடிச்சதுதான்."

சும்மா அடித்துவிடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். காலேஜ் லைப்ரரியில் தேடிப் பார்த்தால் நிஜம். ஹாரி பெர்குசன், அயர்லாந்தின் வடக்கே உல்ஸ்டரில் ஒரு விவசாயி மகன். அதுவரை கலப்பையை வண்டிக்குப் பின்னால் மாட்டு வண்டி போல இழுத்துக்கொண்டு போவார்கள். கலப்பை ஒரு கல்லிலோ வேரிலோ மாட்டினால் வண்டியின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழ்ந்துவிடும். ஆட்கள் செத்தார்கள். பெர்குசன் கீழே இரண்டு, மேலே ஒன்று என்று மூன்று கைகளால் கலப்பையை வண்டியோடு சேர்த்துக் கட்டினார். மண் இறுகினால் மேல்கை அழுந்தும், உடனே ஹைட்ராலிக் தானாகக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். கலப்பையின் பாரமும் பின்சக்கரத்தில் விழுவதால் சின்ன வண்டியே நன்றாகப் பிடித்து இழுக்கும். இன்றைக்கு எல்லா கம்பெனி டிராக்டரிலும் அந்த மூன்று கை உண்டு, மாமாவின் மகிந்திரா உட்பட.

1938-ல் இவரும் ஹென்றி போர்டும் கைகுலுக்கிக் கூட்டுச் சேர்ந்தார்கள், எழுத்தில் ஒன்றும் கிடையாது. பிறகு முறிந்து, கோர்ட்டுக்குப் போய், 1952-ல் போர்டு கம்பெனி 92.5 லட்சம் டாலர் கொடுத்து சமாதானம் ஆனது. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பெர்குசன் டிராக்டரில்தான். இதைத் தாத்தாவிடம் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. "நம்ம களிமண்ணுல ஓடறது பனியில ஓடாதா?"

மாமாவுக்கு ஒரு பெருமை உண்டு, தன்னுடையது சுதேசி வண்டி என்று. நான் அதையும் கெடுத்துவிட்டேன். பி-275 அமெரிக்க இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி இங்கிலாந்தின் டான்காஸ்டரில் செய்த வண்டி. 1963-ல் மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து இங்கே வந்தது. தாத்தா வண்டியின் முன்னோரான மாஸி 35 இங்கிலாந்தின் கவன்ட்ரியில் பிறந்தது, சென்னையில் 1960-ல் ஆரம்பித்த டாஃபே இங்கே கொண்டுவந்தது. ஆக இரண்டும் ஒரே நாட்டுக்காரர்கள்.

கம்பெனிகளுக்கு இந்த விசுவாசம் எல்லாம் கிடையாது. 2005-ல் ஐஷர் டிராக்டரை டாஃபே வாங்கியது. 2007-ல் ஸ்வராஜை மகிந்திரா வாங்கியது. எங்கள் தெருவில் ஐஷர் கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார், தான் இத்தனை வருடமாகத் தாத்தா கட்சியில்தான் இருக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. மாஸி என்ற பெயருக்கே அமெரிக்கக் கம்பெனியோடு கோர்ட்டில் வழக்கு நடந்து, 2025-ல்தான் இந்தியாவில் அந்தப் பெயர் டாஃபேக்கே சொந்தம் என்று முடிந்தது.

அப்புறம் எதற்கு இத்தனை பிடிவாதம்? எனக்குத் தெரிந்து வண்டிக்காக அல்ல, மெக்கானிக்குக்காக. நடவு நேரத்தில் வண்டி நின்றால் எந்த மெக்கானிக் ராத்திரி பத்து மணிக்கு சைக்கிளில் வருவாரோ, அவருக்குத் தெரிந்த வண்டிதான் அந்த வீட்டு வண்டி. தாத்தாவின் மெக்கானிக்குக்கு மாஸி தவிர வேறு எதையும் தொடப் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம்.

போன மாதம் லீவுக்குப் போனபோது அப்பா 1035-ஐ விற்க முடிவு செய்திருந்தார். தாத்தாவுக்கு முட்டி முடியவில்லை, சீட்டில் ஏறி இரண்டு வருடமாகிறது. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தார். வாங்க வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிய இந்தக் காலத்துல யாருங்க ஓட்டுவா?" என்று விலையைக் குறைத்தார். அப்பாவுக்குப் பேரம் பேச வராது.

மாமா அன்றைக்கு யதேச்சையாக வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "என்ன பேசறீங்க? இந்த லிப்ட் மாதிரி வேற எந்த வண்டியில இருக்கு? ஒன்பது கலப்பையோட முதலியார் குளத்துக் கரை வயல்ல நானே பார்த்திருக்கேன். மூணு சிலிண்டரு, டீசல் குடிக்காது." தாத்தா முப்பது வருடமாகச் சொன்ன எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஒப்பித்தார். வந்தவர் எட்டாயிரம் ஏற்றி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

தாத்தா பேப்பரை இறக்கினார். "நெஜமாத்தான் சொன்னியா தம்பி?"

"வெலைக்காகச் சொன்னேன் மாமா."

தாத்தா ரொம்ப நேரம் சிரித்தார்.

வண்டி இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. ஆர்.சி. புக் தாத்தா பெட்டியில் இருக்கிறது. தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாகத் தேடுகிறாராம், நேற்று அம்மா போனில் சொன்னாள்.