மெய்ப்பு மேஜை

ஆவணி 4

நாற்பத்தேழு வயதில் எனக்கு ஆட்டிசம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். 1943-இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை முதற்கொண்டு நெடுங்காலம் இது சிறு பிராயத்தாரின் அபூர்வக் குறைபாடாகவே கருதப்பட்டு வந்தமையாலும், இத்தகைய மகளொருத்தியின் தாயும் மனநல மருத்துவருமான லோர்னா விங், நன்றாகப் பேசிப் படித்து வளர்கிறவர்களிடமும் இந்தச் சுபாவம் உண்டென்று 1981-இல் லண்டனிலிருந்து எடுத்துக்காட்டியது நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களை எட்டப் பல்லாண்டுகள் ஆனமையாலும், விளையாட்டு மணி அடித்ததும் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்ட பெண்ணை 'ரொம்ப அடக்கம்' என்று ஆசிரியைகள் மெச்சினார்களேயன்றி, கூச்சல் அவளுக்கு வலியாக இருக்கிறதென்று ஒருவரும் ஊகிக்கவில்லை.

ஆவணி 19

பதிப்பகத்தில் புரூஃப் பார்ப்பது என் ஜீவனம். முப்பதாம் பக்கத்தில் 'திருவாவடுதுறை' என்றிருந்த ஊர் இருநூறாம் பக்கத்தில் 'திருவாவடுதுரை' ஆகியிருப்பதும், 'கேட்டுக் கொண்டான்' என்பதில் ஒரு ககர ஒற்று உதிர்ந்திருப்பதும், தேடாமலே என் கண்ணில் வந்து நிற்கும். அந்தக் கண்ணுக்குத் துணையான காதோ, தலைக்கு மேலே டியூப்லைட் சோக்கு முனகுவதையும், அடுத்த மேஜையின் தொலைபேசியையும், நடந்துகொண்டே முதலாளி சொல்லிப் போகும் மூன்று உத்தரவுகளையும் ஒரே கனத்தில் உள்ளே விடுகிறது. இவற்றுக்கு நடுவே, தேநீர் வேளையில் எப்போது சிரிக்க வேண்டும், எவர் முகத்தை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தபடியே பொழுதைக் கழித்துவிட்டு வீடு திரும்பினால், காபி டம்ளரைத் தூக்கவும் கையில் வலு இருப்பதில்லை. சம்பளம் வாங்கித் தரும் திறமையும் படுக்கையில் தள்ளும் சோர்வும் ஒரே சுபாவத்தில் பிறந்தவை என்று இப்போதுதான் தெளிகிறது.

புரட்டாசி 2

முதலாளியிடம் அறிக்கையைக் காட்டினேன்.

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல? எந்த இடம் தோதுப்படும்னு சொல்லு."

"ஜன்னலோர மேஜை போதும் ஐயா. வேலையை மட்டும் சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க."

மறுநாளே மேஜை இடம் மாறியது. அவர் மனம் நல்ல மனம். ஆயினும் ஒருவருடைய பிழைப்பு இன்னொருவரின் தாட்சண்யத்தைப் பொறுத்திருக்கலாகாது என்றுதான், 21 வகை இயலாமைகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டுமென்று விதித்திருக்கிறது.

புரட்டாசி 20

அம்மாவிடம் விவரம் சொன்னேன். வெகுநேரம் மௌனமாக இருந்தவள், "உங்க தாத்தாவும் இப்படித்தான்டி. கல்யாணப் பந்தியில உட்காரவே மாட்டார், தனியா இலை போட்டாத்தான் சாப்பாடு" என்றாள். கர்வி என்று பெயரெடுத்தே அவர் காலம் முடிந்தது. இச்சுபாவம் பரம்பரையில் இறங்குவது என்று வைத்தியர்கள் சொல்லுகையில் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

ஒருவரது நுட்பத்தைக் கூலி கொடுத்து வாங்கிக்கொள்ளும் சமூகம், அந்த நுட்பத்தைத் தரும் உடம்பு எந்த ஓசையில், எந்த வெளிச்சத்தில் நலிகிறது என்று விசாரித்தறிவதும் நியாயத்தில் சேர்ந்த காரியமே. அவ்விசாரணை பள்ளிக்கூடத்திலேயே தொடங்குமானால், இன்று அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் தங்களை அறிந்துகொள்ள என் வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.